ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்

ஜனவரி 27, 2025

ஸ்கேன் பார்த்தாயிற்று. கல் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே சிறுநீரகம், அதில்தான். மற்றொன்று நான்கு வருடமாகக் கடலூர் முதுநகரில், தம்பி ஹுமாயூனின் வயிற்றில் இருக்கிறது.

டாக்டர் வைத்திலிங்கம் நிதானமாகத்தான் பேசினார். “யூரிக் ஆசிட் கல்லு மாதிரி தெரியுது சார். சிரப் தரேன், கரையுதான்னு பாப்போம். யூரின் பிஎச் ஆறரையில நிக்கணும், ஏழத் தாண்டக் கூடாது. தண்ணி ஜாஸ்தி குடிங்க.” கரையாவிட்டால் உள்ளே குழாய் விட்டு உடைப்பார்களாம். எல்லாருக்கும் அது சின்ன வேலை. எனக்கு? ஏதாவது ஆனால் மாற்றுக்கு ஒன்று இல்லையே.

ஹுமாயூனிடம் மூச்சு விடக் கூடாது என்று மனைவி ஷரீபாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தால் உடைந்துபோவான்.

ஜனவரி 29

பி.பார்ம் வகுப்பில் இன்று அயனிச் சமநிலை. பதினாறு வருடமாக நடத்தும் பாடம். வலுக்குறைந்த அமிலம் காரத்தைக் கண்டால் ஹைட்ரஜனை விட்டுவிட்டு அயனியாகும், அயனியானால் தண்ணீரில் கரையும். வழக்கமாக ஆஸ்பிரினை உதாரணம் சொல்வேன். இன்று யூரிக் அமிலம் என்று வாயில் வந்துவிட்டது. பாதியில் நிறுத்திக் கரும்பலகையைத் துடைத்தேன். முன்வரிசையில் காயத்ரி, “சார், ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

பிப்ரவரி 3

சிறுநீரில் நனைத்த பிஎச் தாள் ஆரஞ்சு நிறம். ஐந்து.

பிப்ரவரி 7

மறுபடியும் ஐந்து. கல்லூரிக் கழிப்பறைக்குச் சட்டைப்பையில் பிஎச் தாளோடு போய்வருகிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

பிப்ரவரி 11

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யூரிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது பாதி அயனியாகும் பிஎச், ஐந்தரை. சிறுநீர் ஆறரைக்கு வந்தால், அயனியாகாத ஒரு பங்குக்கு அயனியானது பத்துப் பங்கு. ஏழரைக்கு வந்தால் நூறு பங்கு. பத்தைவிட நூறு நல்லதுதானே? டாக்டர் பயந்த சுபாவம். சிரப்பை இரண்டு மடங்காக்கிவிட்டேன்.

பிப்ரவரி 18

நீலப்பச்சை. எட்டு! வெகு நாள் கழித்து நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 24

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்திலிங்கம் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். “ஒத்த கிட்னிய வெச்சிக்கிட்டு, சிரப்புல இருக்குற பொட்டாசியத்த ரத்தத்துல ஏத்தி வெச்சிருக்கீங்க. இதயம் நின்னுட்டா என்ன பண்றது? எட்டுல கால்சியம் பாஸ்பேட் வேற வந்து கல்லு மேல பூசிக்கும். அத எந்த சிரப்பும் கரைக்காது சார்.”

ஒரே ஒரு அமிலத்துக்குக் கணக்குப் போட்டேன். சிறுநீரில் அது மட்டுமா இருக்கிறது? முதல் பருவப் பிள்ளை எழுதினால் பூஜ்யம் போட்டிருப்பேன். பூச்சு விழுந்திருந்தால், கல் கரையும் வழியை என் கையாலேயே அடைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஷரீபா மாத்திரைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க. டாக்டர் சொன்னா கேக்கணும்னு உங்களுக்கு யாரு பாடம் நடத்துறது?” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 1

நாளை முதல் நோன்பு. எனக்கு இல்லை. பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் கல் வளரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து விட்டதில்லை.

மார்ச் 6

கொடுக்காமல் இருந்திருந்தால் — சே. என்ன மனுஷன் நான்.

மார்ச் 12

தாள் இளம்பச்சை. ஆறரை. பழைய அளவு சிரப்தான். ஆனால் உள்ளே பூச்சு விழுந்ததா இல்லையா என்பதைத் தாள் சொல்லாது.

மார்ச் 16

நோன்பு திறக்க வரச்சொல்லி ஹுமாயூன் நாலு தடவை கூப்பிட்டுவிட்டான். மதியமே கடலூர் போய்விட்டோம். பஸ்ஸில் கூட்டம், வெயில். நாக்கு ஒட்டிக்கொண்டது. நோன்புக் களைப்பில் எல்லாரும் கொஞ்சம் தூங்கட்டும் என்று காத்திருந்து, திருடன் மாதிரி அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன். திரும்பினால் வாசலில் ஹுமாயூன். கையில் அவனுடைய தண்ணீர் பாட்டில். சிறுநீரகம் மாற்றியதிலிருந்து அவனுக்கும் நோன்பு கிடையாது.

என்னையும் சொம்பையும் பார்த்தான். “எத்தன நாளாண்ணே?”

பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சிரப்பை ஏற்றிய முட்டாள்தனத்தையும்.

“குடுத்தது தப்புன்னு தோணுச்சா?”

“ஒரு நாள் தோணுச்சுடா.”

“ஒரு நாள்தானா?” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வாங்கிருக்கக் கூடாதுன்னு எனக்கு தெனமும் தோணுது.”

நான்கு வருடம் இதைச் சுமந்திருக்கிறான். நான் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை? சொம்பில் மறுபடியும் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினான். அவனும் பாட்டிலைத் திறந்தான். சேர்ந்து குடித்தோம்.

ஏப்ரல் 12

இன்று ஸ்கேன். வராதே என்றால் கேட்கிற ஆளா? காலையில் முதல் பஸ்ஸிலேயே ஹுமாயூன் இங்கே சிதம்பரத்துக்கு வந்து இறங்கிவிட்டான். டாக்டர் அறைக்குள்ளும் கூடவே நுழைந்தான்.

வைத்திலிங்கம் நிமிர்ந்து, “இவரு யாரு?” என்றார்.

“இவரோட இன்னொரு கிட்னி டாக்டர்” என்றான்.

வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்து என் பக்கத்தில் போட்டு, அவன் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார், கல் இல்லை என்று.