வெள்ளைச்சட்டைக்கு ஒரு ஜோடிப் பலகை

மே 9, சனி

கத்திரி வெயில். கள்ளிக்குப்பம் வெல்டிங் பட்டறைக்கு அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை.

உள்ளே ஸ்டூலில் வெள்ளைச்சட்டை. அவனேதான். பாக் விரிகுடாவில் எங்கள் குழு இரண்டு வருடம் நட்டு வளர்த்த கடல்புல்லை ஒரே காலையில் உழுதுவிட்டுப் போன விசைப்படகின் முதலாளி. மகளை இங்கே ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் கட்டிக்கொடுத்திருக்கிறானாம். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் சும்மா நிற்கிறது. பார்க்க வந்த இடத்தில் அண்ணனிடம் இழுவலைக்கு ஒரு ஜோடி இரும்புப் பலகை ஆர்டர். வலையின் வாயை விரித்துப் பிடித்தபடி கடலடித் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும் பலகை. புல்லை வேரோடு பெயர்ப்பது அதுதான்.

என்னிடம் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். அதில் எதையாவது கலந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பேதி மாத்திரையாவது.

மே 10, ஞாயிறு

தூக்கமில்லை. வாங்க வேண்டியது: தயிர், சலவை சோப்பு, ஃபேன் கெபாசிட்டர்.

போன வருடம் மீன்துறை ஆபீசில் நடந்ததே திரும்பத் திரும்ப. எங்கள் புகாரில் 'கடல்புல்' என்றுதான் இருந்தது. எழுதி எடுத்த ஆள் அதைப் 'பாசி' என்று மாற்றிவிட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றார். இல்லை ஐயா, இது வேர் விடும், பூக்கும், இதைத் தின்றுதான் கடல்பசு உயிர் வாழ்கிறது. யார் கேட்டது? கடைசியில் 'படகு பாசியை அகற்றியது' என்று ஆகிவிட்டது. அதிகாரி சிரித்தார். வெள்ளைச்சட்டையும் (இனி வெ.ச. போதும்).

"பாசிய எடுத்துவிட்டா கடலு சுத்தமாகும்ல சார். எனக்கு மாலைதான் போடணும்."

ஒரு வார்த்தையில் தப்பித்தான். போகும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் நேற்று அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. நல்லது.

மே 12, செவ்வாய்

மூங்கில் சட்டத்தில் நார்க் கயிறு கட்டி, ஒவ்வொரு தண்டாக முடிந்து, மூச்சடக்கி இறங்கி வைத்த புல். திரும்ப நடுகிறோம். இந்த முறை வெளி ஓரத்தில் காவலுக்குக் கான்கிரீட் கல், கல்லில் இரும்புக் கம்பி. அனுமதி வந்தாயிற்று. கம்பி வேலை அண்ணன் பட்டறையில்தான்.

மதியம் யாரும் இல்லாதபோது வெ.ச.வின் பலகையை டேப் வைத்து அளந்தேன். அதன் விளிம்பு வந்து சரியாக மாட்டுகிற மாதிரி, தடித்த கம்பியில் கொக்கி. படம் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். பார்த்த உடனே புரிந்துகொண்டான்.

"இன்னா ஸ்டெல்லா, பைத்தியம் புட்சிகினுகீதா? ஓடுற போட்டுல பலக போயி மாட்டிகினா குப்புற கவுந்துடும்."

"கவுழட்டும்."

"அந்தாளு எங்க கடலுக்குப் போறான்? இங்க குந்திகினு டீ குடிக்கிறான். உள்ள கீறவன் கூலிக்காரன். அவன் இன்னாம்மா பண்ணான் உன்ன?"

பஸ்ஸில் குமணன்சாவடி வரை நின்றுகொண்டே போனேன், வேலை ஒன்றும் இல்லை அங்கே.

மே 13, புதன்

புதுப் படம் போட்டேன். மெல்லிய கம்பி, நுனி கூராக, வளைத்து. பலகை இடித்தால் கம்பி மடங்கிவிடும், படகு போய்விடும். பின்னால் வரும் வலை மட்டும் சிக்கிக் கிழியும். கடல்பசு மேய வரும் பக்கம் கம்பியே கிடையாது.

வலை அவனுடையது. உயிர் அவனுடையது இல்லை.

அண்ணன் படத்தைச் சுவரில் ஒட்டினான். "இத்த செய்யலாம்," என்றான்.

மே 15, வெள்ளி

பலகை எடுக்க வெ.ச. வந்தான். தட்டிப் பார்த்தான், வெல்டிங்கைத் தடவினான், முகமெல்லாம் பல். பக்கத்திலேயே என் கம்பிகள், கட்டுக் கட்டாக.

"இது என்னத்துக்குத் தாயி?"

"பாசிக்குங்க."

"பாசிதான, நல்லா அள்ளுங்க."

அண்ணன் இருமுவதுபோல் வெளியே போய்விட்டான். எங்கே வைக்கப்போகிறோம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கரையை ஒட்டிய அந்த இடத்தில் இழுவலை போடவே கூடாது என்பது சட்டம். வராவிட்டால் அவனுக்கு ஒரு நூல்கூட அறாது.

வரவேண்டும். வா.

ஜூன் 6, சனி

கல் எல்லாம் இறக்கிவிட்டு நேற்று ஊர் திரும்பினேன். தோள் தோலுரிகிறது. வேர் பிடித்த இடங்களில் புதுத் தளிர். ஆவடி ஸ்டேஷன் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா யாரிடமோ: "அந்தப் பொண்ணு கடல்ல போயி புல்லு நட்டுகினு வருதாம், ஊட்டுல ஒரு துளசிச் செடி கெடையாது."

உண்மைதான்.

ஜூன் 17, புதன்

இடி, மழை இல்லை. தடைக்காலம் முடிந்து திங்கட்கிழமை படகுகள் போயின. இன்று அண்ணனுக்கு வெ.ச. போன். ஸ்பீக்கரில் போட்டான்.

"வலை சுத்தமாப் போச்சு தம்பி. நாரு நாராக் கிழிஞ்சிருச்சு. ஆனா ஒங்க பலகை இருக்கே, ஒரு கீறல் இல்ல. இன்னொரு ஜோடி போடுங்க."

"ஆளுங்க?"

"எல்லாரும் கரையிலதான் இருக்கானுவ."

வந்திருக்கிறான். முதல் நாளே. கம்பியில் சிக்கிய வலையை, கடல்பசு மாட்டுவதற்குள், நான்தான் போய் அறுத்து எடுக்கவேண்டும். எடுப்பேன். துணிமணி கட்டியாயிற்று.

இராத்திரி அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரோடும் செபமாலை. கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிற அந்த வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். அம்மா கண் திறந்து பார்த்தாள். அடுத்த வரியில் சேர்ந்துகொண்டேன்.