சாளையில் ஒரு ரேடியோ

மே 25, செவ்வாய்

மதியத்திலிருந்து தூறல். மலைக்கு பஸ் வந்து எத்தனையோ நாளாகிறது. லாரி இல்லை. கோயில் மைக் இல்லை. ஊரடங்கில் எல்லாம் நின்றுபோனதில் இன்று எங்கள் வாசலுக்கே அருவி கேட்டது. நான் பிறந்ததிலிருந்து அது அங்கே விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போதுதான் காதில் விழுகிறது.

அம்மா தூங்கியாச்சு. போர்வைக்குள் டார்ச். எழுத்து கோணல்.

பள்ளிக்கூடம் மூடியபோது, கரையான் தின்றுவிடும் என்று நூலகப் புத்தகங்களை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினார்கள். எனக்கு வந்தவை: கடல் பற்றி ஒன்று, உடம்பு பற்றி ஒன்று, அட்டையும் கடைசிப் பக்கமும் இல்லாத கதைப் புத்தகம் ஒன்று.

அண்ணன் நேற்று வந்துவிட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனி மூடல். ரோட்டில் வந்தால் செக்போஸ்ட்டில் பிடிப்பார்கள் என்று காட்டுத் தடத்தில் ஏறி வந்திருக்கிறான். அம்மா வீட்டுக்குள் விடவில்லை. தோட்டத்துச் சாளையில், ஓலைக் குடிசையில், படுக்கை. அங்கே லாரி வராததால் விற்காத பலாப்பழம் குவிந்து கிடக்கிறது. அவனுக்குத் துணை அதுதான்.

அப்பா கேரளாவில், தோட்ட வேலைக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். அதனால் எல்லாம் அம்மா முடிவு. "யாருகிட்டயும் வாயத் தொறந்துராத சாமி. வேன் வந்து ஏத்துச்சுன்னா அவ்வளவுதான்." போன மாதம் அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி வேன் ஏறியவர் திரும்பவில்லை.

சாயங்காலம் சாளையிலிருந்து புல்லாங்குழல். என் அண்ணனா! வாயில் மரவள்ளிக்கிழங்கு. மெல்ல மறந்துபோனேன். மழைக்குள் அந்தச் சத்தம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய், எதிர் மலையைத் தொட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் பாறையில் நின்று கேட்டேன். "எப்பண்ணா கத்துக்கிட்ட?"

"ரூம்ல ஒருத்தன் வெச்சிருந்தான். அவன் தூங்கறப்ப எடுத்து ஊதுவேன்."

"திட்டலையா?"

"கையெடுத்துக் கும்புட்டு, நீயே வெச்சுக்க, என்னைத் தூங்க உடுன்னு குடுத்துட்டான்."

முடிக்கும்போது ஒரே சுரத்தை நீளமாக இழுத்தான். நானும் கூடவே மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். எனக்குக் கண் இருட்டியது. அவன் இழுத்துக்கொண்டே இருந்தான்.

மே 26, புதன்

வெயில், பிறகு மூடுபனி. ஆன்லைன் வகுப்பு டவர் இல்லாமல் பாதியில் நின்றது. நல்லது.

பாறையில் உட்கார்ந்து உடம்புப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். சாளைக்குள்ளிருந்து அண்ணன் "ம்" கொட்டினான். நுரையீரல் வந்தது. உள்ளே மடிந்து மடிந்து கிடப்பதை எல்லாம் விரித்தால் நாங்கள் சாமை அடிக்கிற களம் அளவுக்கு வருமாம். திரும்பவும் படித்தேன். அதேதான் போட்டிருக்கிறது. ஒரு களம்! சட்டைப் பித்தானுக்கு உள்ளே! கோழி, அம்மா, தபால்காரர், எல்லாரும் ஆளுக்கொரு களத்தைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாததுபோல் நடக்கிறார்கள். (கோழிக்குச் சின்னக் களம்.)

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது.

பக்கத்துக் காட்டு மாரக்கா வேலியருகே: "ஏனுங்க, உங்க சாளைல என்னமோ ஊதற சத்தம் கேக்குதுங்களே?"

அம்மா: "ரேடியோங்க."

மாரக்கா: "ஓ. ரேடியோவுக்கு இருமல் எப்ப இருந்துங்க?"

அம்மா விடுவிடுவென்று திரும்பினாள். வந்து என்னை முறைத்தாள். நானா இருமினேன்?

மே 27, வியாழன்

பயமாக இருக்கிறது.

காலையில் பலா வாசம் வீடு வரைக்கும். ஈ மொய்க்கிறது. கஞ்சித் தூக்கைப் பாறையில் வைத்தேன். அண்ணன் கேட்டான்: "ஏங்கண்ணு, இந்தப் பழம் ஒண்ணு கூடப் பழுக்கலையா? வாசமே இல்ல."

அவன் தலைமாட்டிலேயே ஒன்று வெடித்துக் கிடந்தது.

வாசம் தெரியாவிட்டால் என்ன நோய் என்று டிவியில் தினம் சொல்கிறார்கள். அவனுக்கும் தெரியும்.  

பத்து மணிக்கு நர்சக்கா வந்தார். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு. "வெளியூர்லருந்து யாராச்சும் வந்தாங்களா?" "இல்லீங்க." அம்மா கை என் தோளில். நகம் பதிந்தது. நர்சக்கா என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வாசல் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் குழல். அதே பாட்டு. கடைசி நீள சுரத்தில் மூச்சைப் பிடித்தேன்.

அவன் நிறுத்திவிட்டான். எனக்கு இன்னும் மூச்சு மிச்சமிருந்தது.

மே 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

குறுக்குத் தடத்தில் ஓடி, வளைவில் நர்சக்கா ஸ்கூட்டியை மறித்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, வந்தது இதுதான்: "அக்கா, எங்க சாளைல ரேடியோ இல்லீங்க. அண்ணன்."

சாளைக்கு வந்து, அண்ணன் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப் மாட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "ஏன்டா தம்பி, இதை வெச்சுக்கிட்டா குழல் ஊதிட்டுக் கெடந்த?"

வேன் வந்தது. குழலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். என்னைப் பார்த்துக் கேட்டான்: "புத்தகத்துல இன்னும் எவ்வளவு இருக்குது?"

"பாதி."

"படிச்சு வெய்யி. வந்து கேட்டுக்கறேன்."

அம்மா: "எம்புள்ள வரலீன்னா நீ என்னை அம்மான்னு கூப்புடாத."

எங்கள் தடத்தை அடைத்து யாரோ முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எனக்கும் அம்மாவுக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள்.

மே 30, ஞாயிறு

மழை. எங்கள் இருவருக்கும் நோய் இல்லை என்று வந்தது. அண்ணனுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். அவன் போன் எடுக்கவில்லை.

அம்மா சோறு போடுகிறாள். பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தம் மட்டும்.

உடம்புப் புத்தகம் முடிந்தது. நாம் தூங்கும்போதும் மூச்சை யாரும் சொல்லாமலேயே உடம்பு இழுத்து விடுகிறதாம். அவன் உடம்பு மறந்துவிடக் கூடாது. விடிய விடிய நினைவுபடுத்த யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? நான் செய்தது சரியா? அருவி மட்டும் கேட்கிறது.

ஜூன் 6, ஞாயிறு

காலையில் வெயில். அம்மா போன் அடித்தது. அண்ணன் நம்பர். அம்மா எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினாள். ஒன்பது நாளில் என்னிடம் முதல் பேச்சு: "நீயே கேளு கண்ணு."

நர்ஸ் யாரோ பேசினார். ஆக்சிஜன் குழாயை எடுத்து ரெண்டு நாளாச்சாம். மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்களாம். "உங்க அண்ணன் பேச மாட்டானாம். வேற என்னமோ பண்ணணுமாம். கொஞ்ச நேரந்தான், என்ன?"

ஸ்பீக்கரில் போட்டேன். கரகரப்பு. காக்கா. அப்புறம் அந்தச் சுரம், மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு.

மூச்சைப் பிடித்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இன்னும் பிடித்தேன் பிடித்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அவன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தான்.