பேரில்லாத மலையில் அக்காவின் கையெழுத்து

மலையொன்றைப் பொண்டாட்டி பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன என் பாசமுள்ள மச்சானுக்கு,

மேலோகத்திலாவது முக்காலியை வேறு ஆளைத் தூக்க விட்டார்களா? பட்டாளத்தில் மலை அளக்கிறவர்களுக்குக் கருவி நிறுத்துகிற முக்காலியைச் சுமந்தே தோள் ஒருபக்கம் சரிந்த மனிதர் நீங்கள். இங்கே என் தோட்டத்தில் ஒரு வாழைத்தாரைத் தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொள்வீர்கள்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விசயம் பெரிது. உங்கள் பொய் லடாக் வரைக்கும் போய்விட்டது.

முதல் வருசத் திதிக்கு ராமேஸ்வரம் போகலாம் என்றேன். அக்கா கேட்டால்தானே! "ஏலே, உங்க மச்சான் என் பேரு வச்ச மலை வடக்க நிக்குது. அங்கன கூட்டிட்டுப் போ" என்றாள். நீங்கள் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்த மேப்பு அவள் மடியில் இருந்தது.

அந்த மலைக்கு வெறும் நம்பர்தான் என்று என்னிடம் மட்டும் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "மாப்ளே, கல்யாணமான புதுசுல லீவுக்கு வந்தேன். சேலை வாங்க மறந்துட்டேன். மலையைக் குடுத்துட்டேன். உங்க அக்காகிட்ட சொல்லிராத." அந்த மலையைத்தான் அவள் முப்பது வருசமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே போய் உண்மை தெரிந்தால் தாங்குவாளா?

லடாக்கில் பத்து அடிக்கு ஒருதரம் எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா சின்னமனூர்ச் சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். மேப்பைப் பார்த்தது நான். கோடுகள் நெருக்கமாக இருந்த பக்கத்தைக் காட்டி, "இங்கன வரப்பு நெருக்கமா இருக்குக்கா. படி மாதிரி லேசா ஏறிரலாம்" என்றேன். போய் நின்றால் செங்குத்துப் பாறை! கோடு நெருங்கினால் சரிவு கடுமை என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா மச்சான்?

எனக்கு இந்தி தெரியாது. தெரிந்த வெளியூர்ப் பாஷை மலையாளம் ஒன்றுதான். கேரளாக்காரர்களை ஏற்றி ஏற்றி, எங்களைக் கூட்டி வந்த லடாக் வண்டிக்காரருக்கும் அது கொஞ்சம் வந்தது. அக்காவுக்குத் தெரியாமல் விசாரிக்க இதுதான் வழி என்று, "சேட்டா, ஈ மலைக்கு எந்தா பேரு?" என்றேன்.

"பேரில்லா. நம்பர் மாத்ரம்."

அக்காவிடம் பறையவேண்டாம் என்று அவரைக் கும்பிட்டேன்.

"பறைய வேணாம்டா, கேட்டுருச்சு." பின்னாலேயே நின்றாள் அக்கா. "கல்யாணத்துக்கு முந்தி குமுளிக்கு அங்கிட்டு கேரளாத் தோட்டத்துல எத்தனை வருசம் ஏலக்காய் பறிச்சேன்? மறந்துட்டியா?"

மறந்துதான் போனேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, மலையாளத்தில் ரகசியம் பேசிய முதல் மடையன் நான்தான்.

அக்கா மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற எவ பேராச்சும் வச்சிருக்காகளா?"

"இல்லக்கா."

"அப்பச் சரி. காலியாத்தான இருக்கு. பென்சிலைக் குடு."

அவளுக்குத் தெரிந்த எழுத்தே கையெழுத்து ஒன்றுதானே. ரேஷன் கடையில் போடுகிற அதே 'செல்லத்தாய்' என்ற கையெழுத்தை மேப்பில் அந்த மலை நம்பருக்கு மேலே போட்டாள். கடைசி எழுத்து மலையில் இடமில்லாமல் ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. பிறகு பக்கத்தில் நின்ற குட்டை மலையைக் காட்டி, "அதுல உங்க மச்சான் பேரை எழுது. என்னையவிட உசரம் வேணாம்" என்றாள். வீரணன் என்று எழுதினேன். அதற்கப்புறம்தான் அழுதாள்.

மேப்பு இப்போது கண்ணாடி போட்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இனி அந்த மலைக்குப் பேரில்லை என்று எவனாவது சொன்னால் வீட்டுக்குள் இழுத்து வந்து காட்டுவேன்.

சேலையை மறந்த கதையை மட்டும் சாகும்வரை அக்காவிடம் சொல்லமாட்டேன், இது சத்தியம். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிற மகராசர்கள் யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சினன் பெருமாள்சாமி,
மார்க்கையன்கோட்டை