மொரப்பூரில் நின்ற காய்

நேற்று முடிவெட்டிக்கொள்ளக் கடத்தூர் போயிருந்தேன். வெட்டி முடித்ததும் சலூன்காரர் பின்கழுத்தில் பவுடரைத் தட்டினார். அந்த வாசனையில் உன் நினைப்பு வந்துவிட்டது. நம் மன்றத்தில் போரிக் பவுடர் தீர்ந்துபோன நாளெல்லாம் நீ வீட்டிலிருந்து முகப்பவுடரை எடுத்து வந்து கேரம் போர்டில் கொட்டுவாய். ஆட்டம் முடிந்து போகும்போது இருவரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணப்போம். சரி, வந்த நினைப்பு வந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்தேன். இப்போதெல்லாம் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் தொடையில் தட்டிக்கொண்டு, "ச்சே, மொரப்பூரு!" என்றான்.

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டிப் பார்த்தால், காய் குழியின் விளிம்பு வரை போய் விழாமல் நிற்கிறது. "அதை ஏன் தம்பி அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கேம்ல அப்படித்தாங்க சொல்லுவாங்க. பெங்களூர்ல எங்க ரூம் பசங்க எல்லாருமே சொல்லுவாங்க. யாரோ ஒரு யூடியூப்காரரு கண்டுபுடிச்சதுங்க."

பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "அட போடா. அது சேலத்துப் பசங்க ஆரம்பிச்சது. மொரப்பூருன்னு ஐடி வச்சிக்கிட்டு ஒருத்தன் எப்பப் பாரு தோப்பான். அவன் பேருதான் அது."

இருவரும் போனில் தேட ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அலுப்பும் வந்தது. இதே சண்டையை நாம் எத்தனை வருஷம் போட்டோம்!

அவர்களுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? எண்பதுகளில் மெட்ராஸ் ரயில் நம்மை மொரப்பூரில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடும். ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும், வந்திருக்க மாட்டோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்க வேண்டும். அந்த எரிச்சல் நம் ஊரில் எல்லாருக்கும் இருந்தது. அதற்குப் பெயராகத்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. என் வாயில்தான். இதை இப்போதும் சொல்வேன்.

மாதா கோவிலை ஒட்டிய அறையை மன்றத்துக்குக் கொடுத்த பங்குச் சாமியார் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். ஆட்டத்தின் நடுவே வாய் திறக்கக் கூடாது. திறந்தால், திறந்தவனுக்குத் தண்டனை இல்லை. அவனுடைய ஜோடி எழுந்து, அந்த ஆட்டம் முடிகிற வரை நின்றுகொண்டே ஆட வேண்டும். "உன் வாயால உன் கூட்டாளி இடுப்பு ஒடியட்டும், அப்பத்தான் உனக்கு உறைக்கும்" என்பார். என் வாயால் உன் இடுப்பு எத்தனையோ தடவை ஒடிந்தது. எனக்குத்தான் உறைக்கவே இல்லை.

தேர்த்திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிரே மொரப்பூர் ஜோடி. கடைசிக் காயை நீ அடித்தாய். அது குழியின் வாய் வரை போய் நின்றுவிட்டது. "அட, மொரப்பூரு!" என்று என் நாக்கு முந்திக்கொண்டது. அறையே சிரித்தது. எல்லாரும் போர்டின் மேல் குனிந்திருந்ததால் யார் வாய் அசைந்தது என்று எதிராளிகளுக்குத் தெரியவில்லை.

"எங்க ஊருப் பேர எதுக்குடா இழுக்கறீங்க? எவன்டா சொன்னது?"

நீ எழுந்து நின்றாய். விதிப்படி நின்றாய். அவர்களுக்கு நம் விதி எப்படித் தெரியும்? குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுந்தான் என்று உன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பை கிழிந்து தொங்கியது. "சொன்னது நானுங்க, அவன் இல்லைங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "கூட்டாளிய காப்பாத்தறான் பாரு, நல்ல பையன்" என்று என்னைப் பாராட்டினார்களே, அந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல?

நீ அப்போது சேலத்தில் ஜவுளிக்கடை வேலை. மொரப்பூரில்தான் ரயில் ஏறியாக வேண்டும். பிளாட்பாரத்தில், டீக்கடையில், எங்கே தலையைக் காட்டினாலும் "வாய்யா மொரப்பூரு" என்று கூப்பிட்டார்கள். கூச்சப்பட்டுக் கொஞ்ச காலம் பஸ்ஸிலேயே சேலம் போனாய். பிறகு அவர்களே ஆட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினார்கள். கடத்தூர், பாலக்கோடு என்று போர்டு இருந்த இடமெல்லாம் அது பரவியது. அதற்கப்புறம் உனக்கு வந்த பெருமை இருக்கிறதே! "என் வார்த்தைடா" என்று கிளம்பிவிட்டாய்.

"சொன்னது நான்டா."

"சட்ட யாரோடது கிழிஞ்சுது? அப்ப வார்த்த யாருது?"

"நீ எந்திரிச்சு நின்னதே நான் சொன்னதுக்குச் சாட்சிடா."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

என் மகன் கல்யாணத்தில், இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க இதைத்தான் பேசினோம். உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது, உன்னால் பேச முடியவில்லை. விரலைத் தூக்கி உன் மார்பைத் தொட்டுக் காட்டினாய். என்னுது என்கிறாய். எனக்கா புரியாது? இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினேன். குழாயோடு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஆட்டினேன்.

சலூனில் தேடித் தேடிச் சலித்துப்போய், "உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டான் முதலாமவன்.

நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச ஒரு ஆள் இல்லை. மறுக்க ஆளில்லாத இடத்தில் ஜெயித்து என்ன செய்ய? வாயைத் திறந்தால் வேறு என்னவோ வருகிறது. "என் கூட்டாளி சொன்னது தம்பி. மன்றத்துல எனக்கு ஜோடி. இப்ப இல்ல" என்றேன்.

"சும்மா சொல்றாருடா" என்று அவன் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்துவிட்டு அடுத்த காயைக் குறிபார்த்தான். நீ உயிரோடு இருந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அது உனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உக்காருங்க பெரியவரே, சீட்டுதான் கெடக்குதுங்களே" என்றார் கண்டக்டர். "இருக்கட்டுங்க" என்றேன். சொன்னது நீ என்று என் வாயாலேயே சொல்லியாயிற்று. அப்படியானால் எழுந்து நிற்க வேண்டியது உன் ஜோடிதானே? ஊர் வருகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். இன்றைக்கும் இடுப்பு வலிக்கிறது.