கீழே போகச் சொன்னவரும் கீழேயிருந்து வந்தவர்தான்

வாழவந்தி நாடு
11.10.2006

அன்பு மகள் கௌசிகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மாவின் அக்கா கண்ணாயிப் பெரியம்மா, மாடு கன்று எல்லோரும் சுகம். டெக்சாசில் நீயும், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார ரோசா அம்மாவும் நல்லபடியாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். கண்ணு, மற்ற சேதி எல்லாம் பிறகு, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நேற்று நான் சிரித்துவிட்டேன். புன்சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட. மாசியில் உன் அம்மா கண்ணை மூடியதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, கரண்ட் போன டிவிப் பெட்டி மாதிரி கிடந்தேன், உனக்கே தெரியும். இப்போதுகூட உள்ளுக்குள் குறுகுறுவென்றுதான் இருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியிருந்தாயே, அடுத்த மாதம் அங்கே ஓட்டு, ஒரு கட்சிக்காரர்கள் மேடை ஏறி, எல்லையில் வேலி போடு, வந்தவனைத் திருப்பி அனுப்பு என்று பேசிவிட்டு, ரேடியோவில் ஸ்பானிஷ் மொழியில் பாட்டுப் போட்டு ஓட்டுக் கேட்கிறார்கள், இன்னொரு கட்சி, மெக்சிகோ பக்கமிருந்து வந்த இந்த லத்தினோ ஜனங்கள் வேறு எங்கே போய்விடுவார்கள் என்று அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை, ரோசா அம்மா எவனுக்கும் ஓட்டுப் போடப்போவதில்லை என்கிறார், இதென்னப்பா விசித்திரம் என்று. ஒரு விசித்திரமும் இல்லை சாமி. இங்கே நாளை மறுநாள் கவுன்சிலர் தேர்தல். ஒரு கட்சியில் அர்த்தனாரி, இன்னொரு கட்சியில் குழந்தைசாமி, இரண்டு பேரும் மலைக்காரர்கள்தான். இந்த முறை அர்த்தனாரி பிடித்துக்கொண்ட கோஷம், மலை மலைக்காரனுக்கே, கீழிருந்து வந்தவன் கீழே போ. நம் கடைத்தெருவில் இருக்கிற முக்கால்வாசிப் பேரும் என்னைப் போல் கீழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உன் அம்மா மலைக்காரி, அவளைக் கட்டியதால் நான் இந்த மலைக்கு மருமகன். அவளே போன பிறகு நான் இங்கே யார் என்று எனக்கே தெரியவில்லை. என் அண்ணன், உன் பெரியப்பா, கீழே சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ரிப்பேர் கடை போட இடம் பார்த்துவிட்டு, இந்த மாதத்துக்குள் வர்றியா இல்லையா சொல்லு என்கிறார். நீயும் போயிருங்கப்பா என்கிறாய். போவதா இருப்பதா என்று எதுவும் தோன்றாமல்தான் நேற்று வரைக்கும் இருந்தேன்.

நேற்று சந்தையில் அர்த்தனாரி கூட்டம். மைக் செட் யாருடையது? நம்முடையதுதான். என்னைப் போகச் சொல்கிற கூட்டத்துக்கு நானே ஸ்பீக்கர் குழாய் கட்டி, ஒயர் இழுத்து, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது உறைக்கக்கூட இல்லை, சத்தம் கரகரக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்களுக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அர்த்தனாரி சேந்தமங்கலத்திலிருந்து கூலிக்கு ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்திருந்தார். அந்த மனுசன் எழுபது வளைவும் ஏறி வந்த கிறக்கத்தில், ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே, மறு கையை வீசி, கீழ்நாட்டான் வந்தான், நம் மிளகைத் தின்றான், நம் மண்ணைத் தின்றான், வந்த பஸ்ஸிலேயே அவனை ஏற்றி அனுப்புவோம் என்று முழங்கினார் பார். முன்னால் உட்கார்ந்திருந்த உன் பெரியம்மா எழுந்து நின்று, "ஏனுங்க பேச்சுக்காரரே, நீங்க காத்தால எந்த பஸ்ல வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் யோசிக்காமல், "எட்டரை மணி சேந்தமங்கலம் பஸ்ஸுங்கம்மா, நிக்கக்கூட எடமில்லீங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். "அப்ப அந்த பஸ்ல மொதல்ல நீங்க ஏறிக்கோங்க. குழாய் கட்டுனவரும் கீழ்நாட்டாரு, பேசறவரும் கீழ்நாட்டாரு, ரெண்டு பேரும் போயிட்டா கீழ்நாட்டானைத் திட்டறதுக்கு ஆளு வேண்டாமா?" என்றாள். அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு, ஸ்டூலோடு மல்லாந்துவிட்டேன், கால் ஒயரில் மாட்டி பிளக்கு பிடுங்கிக்கொண்டது. பேச்சாளர் வாய் மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. நான் கோபத்தில் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்துக் கடைத்தெரு மொத்தமும் கை தட்டியது. இல்லை, சிரிப்பில் விழுந்தேன் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்!

அப்புறம்தான் வேடிக்கை. கீழ்நாட்டார் ஓட்டு மொத்தமாகத் திரும்பிவிட்டது என்று புரளி கிளம்பி, பொழுது சாய்வதற்குள் இரண்டு கட்சியும் நம் வாசலில். அர்த்தனாரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, உங்களையா சொன்னேன், அது பொதுவாப் பேசறதுங்க, நீங்க எங்க ஆளில்லீங்களா" என்றார். எதிர்க்கடை மாணிக்கம், அவரும் காரவள்ளியிலிருந்து வந்து டீக்கடை போட்டவர்தான், "என் ஓட்டு அர்த்தனாரிக்குத்தானுங்க, நான் வந்தாச்சு, இனி எவனும் வந்து எதுத்தாப்புல கடை போடக் கூடாதுங்க" என்றாரே பார்க்கலாம். அதனால் நீ எழுதப்போகிற ஆராய்ச்சியில் அந்த லத்தினோ ஜனங்களை ஒரே கட்டாகக் கட்டி எண்ணாதே கண்ணு. ரோசா அம்மாவின் தம்பிக்கு அங்கே தங்கப் பேப்பர் இல்லை, மகனோ அந்த நாட்டுப் பட்டாளத்தில் என்று நீயே சொன்னாய், ஒரு வீட்டிலேயே எத்தனை மனசு. அடுத்து குழந்தைசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். இத்தனை வருசத்தில் இந்தத் தெருவை எட்டிப் பார்க்காதவர், "நாங்க ஒரு நாளாச்சும் உங்களைப் போகச் சொன்னமுங்களா?" என்றார். நான், "வந்து உக்காருன்னும் சொன்னதில்லீங்களே" என்றேன். சொல்லிவிட்டுத் திகைத்துப்போனேன், அது உன் அம்மா பேசுகிற பேச்சு, என் வாயில் எப்படி வந்தது? அதற்குள் உன் பெரியம்மா சாணிக் கையோடு வந்து நின்று, "போன்னும் நீங்களே சொல்றீங்க, இருன்னும் நீங்களே சொல்றீங்க, அவரு என்ன நெனைக்கறாருன்னு ஆராச்சும் கேட்டீங்களா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் இங்கியே இருக்கறேனுங்க" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான், உன் அம்மா இல்லாத இந்த வீட்டில்தான் இனி இருக்கப்போகிறேன் என்பது எனக்கே விளங்கியது. அவர்கள் போன பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன், பயப்படாதே, அழுது முடித்து இரண்டு தட்டு சாமைச் சோறு தின்றேன்.

காலையில் உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, கடை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, திட்டினார், திட்டட்டும். நாளை மறுநாள் ஓட்டுப் போடுவேன், யாருக்கு என்று உனக்கும் சொல்ல மாட்டேன். ரோசா அம்மாவிடம் ஓட்டுப் போடுங்கள் என்று நீயும் பாடம் நடத்தாதே, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திரு. குளிர் வரப்போகிறது, மிளகு அனுப்புகிறேன், ரசம் வைத்துக் குடி, தலையை ஈரத்தோடு விடாதே. இனிமேல் போனில் எப்பப்பா கீழ போறீங்க என்று கேட்காமல், இன்னைக்கு என்னப்பா சமைச்சீங்க என்று கேள், பதில் வைத்திருக்கிறேன். நீ நூறு வயசு நல்லா இருக்கோணும் சாமி.

இப்படிக்கு,
மலைமேல் இருக்கும் உன் அப்பா
கதிர்வேல்