முதல் என்ற சொல்

மார்ச் 9, 1996, சனி. இர்விங், டெக்சாஸ்.

மீனா பிராந்திய 'முதல் அணி'க்கு, அதாவது இந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலுக்கு, தேர்வாகிவிட்டாள். பிராந்திய அலுவலகத்தில் மாலை தொலைபேசியில் உறுதி செய்தார்கள். அவள் படிக்கும் சிறிய கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இதுவே முதல் பிராந்திய விருது என்றும் சொன்னார்கள். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு அப்படியே எழுதினேன்.

எதையும் இன்னொருவரிடம் சரிபார்க்கும் பழக்கம் விடவில்லை. எதிரணியின் பழைய பயிற்சியாளரையும் கேட்டேன்.

"மீனாவின் கோச் அதே கல்லூரியில் மாணவியாக ஆடியபோதே வாங்கிவிட்டாளே! அப்போதெல்லாம் கடைசி ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர்கள் நாங்கள் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். மைக்கில் பெயரைச் சொல்வோம். அவ்வளவுதான், காகிதமெல்லாம் கிடையாது" என்றார்.

மீனாவின் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அதற்குள் மகள்தான் முதல் என்று கோயம்புத்தூர் வரைக்கும் போன் பண்ணிவிட்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, நம்ம கோச்சா? சீசன் பூரா எங்க வீட்லதான் தோசை சாப்பிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லலையே!" பிறகு அவரே சொன்னார்: "அப்ப அவங்களையே முதல்னு போடுங்க. ஊர்ல நான் சொல்லிக்கறேன்."

கோச்சை அழைத்தேன். சிரித்தார். "ஆமாம், நான்தான். ஆனால் என்னைப் போடாதீர்கள். அந்தப் பெண்ணே முதலாக இருக்கட்டும்."

இருவருமே விட்டுக்கொடுக்கிறார்கள். நடந்ததை விட்டுக்கொடுக்க எனக்கு வழியில்லை. அலுப்பாக இருக்கிறது.

இப்போதைக்கு "முதல்" என்ற சொல்லை அடித்துவிட்டேன். மைக்கில் மட்டும் அறிவித்த பழைய தேர்வுகளைக் கணக்கில் சேர்ப்பார்களா என்று அலுவலகம் திங்கள் மதியம் சொல்லும். அன்று மாலை பக்கம் அச்சுக்குப் போகிறது. இடையில் இரண்டு பேருக்கும் மறுபடி போன் பண்ண வேண்டும்.