கத்தியை முக்கிப் பார்த்த மத்தியானம்

என்றைக்கும் என் பக்கத்திலேயே இருக்கிற தாணு அப்பாவுக்கு,

முதலில் பிள்ளைகள் விஷயம். அதைத்தானே நீங்கள் முதலில் கேட்பீர்கள். மூத்த பேரன் ஐயப்பனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது. கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறான், சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. மகள் வீட்டு மீனா நாகர்கோவிலில் டீச்சர் ஆகிவிட்டாள். ஸ்கூட்டரும் ஓட்டுகிறாள். நம் மகன் தாணு வளைகுடாவுக்குப் போனபோது நம்மிடம் விட்டுப்போன பகவதி, பிளஸ் டூ விவசாயப் பிரிவில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள்.

கடைசியைக் கேட்டதும் உங்கள் புருவம் சுருங்கியிருக்கும். இந்தக் கடிதமே அதற்காகத்தான். நாளைக்கு உங்கள் முதல் ஆண்டுத் திவசம். "மனசுல உள்ளத எழுதுங்க ஆச்சி, நம்ம ஆளுகளோட சங்க மலர்ல போடலாம்" என்று ஐயப்பன் பேப்பரும் பேனாவும் தந்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதா? கல்யாணமான புதிதில் நீங்கள் இங்கே கிழக்கேகோட்டைத் துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது, ஊரிலிருந்து வாரம் ஒன்று எழுதுவேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் புதுப் போட்டோ கேட்பேன். ஒரு தடவையாவது அனுப்பினீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பகவதி பத்தாம் வகுப்பு முடித்ததும் அடுத்து என்ன படிப்பது என்று பேச்சு வந்தது. அவள் விவசாயம் என்றாள். நீங்கள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"ஏட்டி, பத்து வயசுல என்ன பள்ளிக்கூடத்துல இருந்து இழுத்துட்டுப் போயி வயல்ல எறக்குனாங்க. அட்ட கடிச்ச தழும்பு இன்னும் கால்ல கெடக்கு. கரையேறி வந்தவன் பேத்தியத் திரும்பச் சேத்துல தள்ளவா? லேப் டெக்னீஷியன்னு எழுதச் சொல்லு."

உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் எப்படிச் சொல்ல? அந்தத் தழும்புக்கு எண்ணெய் தேய்த்தவள் நான்தானே. ஆனால் மறுநாள் நீங்கள் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடப் போயிருந்தபோது, பிள்ளை அடுக்களைக்கு விண்ணப்பத்தோடு வந்தாள். "ஆச்சி, தாத்தா ஒப்பு இடமாட்டாரு. நீங்க இடுவியளா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

முதல் விருப்பம் விவசாயம் என்று எழுதியிருந்ததன் கீழே செண்பகம் என்று கையெழுத்துப் போட்டேன். உங்களிடம், "வேற ஒண்ணுலயும் எடமில்லியாம், அவங்களே இதத்தான் குடுத்தாங்க" என்றேன். நீங்கள் சர்க்காரைத் திட்டினீர்கள். ஒன்றரை மாதம் திட்டினீர்கள். நான் சர்க்காருக்குப் பதிலாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நாற்று நடவும் களை பறிக்கவும் பள்ளிக்கூடம் எதற்கு என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. ஒருநாள் பை நிறைய மண்ணோடு வந்து, என் சுளகில் கொட்டிப் பரப்பினாள். ஒரு மூலையில் மட்டும் மண் எடுக்கக்கூடாதாம். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் எடுக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் கலந்து, நாலு கூறாக்கி, எதிரெதிரே இருக்கிற இரண்டு கூறைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி நாலாக்கினாள். கடைசியில் ஒரு பிடி மண். "முழு வயலும் இதுல உண்டு ஆச்சி" என்றாள். அந்தச் சுளகில் அரிசி புடைக்க முடியாமல் போனதைக்கூட நான் சொல்லவில்லை. நீங்கள் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கமும் திருப்பவில்லை.

அப்புறம் அந்த மத்தியானம். மழைக்கு முன்னால் கொல்லையில் நிற்கும் நல்லமிளகுக் கொடிக்கு மருந்து அடிக்க வேண்டும் என்று, துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கி வந்தாள். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து வைத்துவிட்டுத் துணி மாற்றப் போனாள். நீல நிறம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத் துணி அலச வாளி வேண்டியிருந்தது. துருசுத் தண்ணீரை நம் பழைய இரும்பு வாளிக்கு மாற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாளியின் உள்பக்கமெல்லாம் செம்பு நிறம் ஏறிவிட்டது.

"அய்யோ ஆச்சி, இரும்புல ஊத்தப்பிடாது. எல்லாம் கேடாயிப் போச்சு" என்று தலையில் கை வைத்தாள்.

அப்போது நீங்கள் சிரித்தீர்கள். அவள் அந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு முதல் சிரிப்பு. "உங்க ஆச்சி அஞ்சாங்கிளாஸுல பெரிய விஞ்ஞானி, மக்கா. வேற துருசு வாங்கிட்டு வா" என்றீர்கள்.

இரண்டாம் தடவை பிளாஸ்டிக் வாளியிலேயே இரண்டையும் கலந்தாள். "தாத்தா, தேச்சு வெளுப்பிச்ச கத்தி ஒண்ணு தாங்க" என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்த உங்கள் மடக்குக் கத்தியை எடுத்து, கல்லில் தேய்த்து, நீங்களே கொடுத்தீர்கள். முக்கி எடுத்தாள். நுனி சிவந்திருந்தது.

"செவந்தா இன்னும் பக்குவமாகல்ல கேட்டோ. இப்படியே அடிச்சா எல கருகும். சுண்ணாம்பு சேக்கணும். கத்தி வெளுப்பா வந்தாத்தான் அடிக்கலாம்."

நீங்கள் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "வீட்டுல சில ஆளுகளையும் இப்பிடி முக்கிப் பாக்கணும்" என்றீர்கள். என்னைப் பார்த்தா சொன்னீர்கள், வாளியைப் பார்த்தா? அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஈரத்துணியைக் காயப்போடப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எனக்குக் காய்ச்சல். நீங்கள் போனீர்கள். வந்து, "டீச்சர் நல்ல மாதிரி" என்றீர்கள், கடுங்காப்பி கேட்டீர்கள். கையில் ஒரு ஒட்டுமாங்கன்று. பிள்ளைகள் ஒட்டியதாம். வேட்டியை மடித்துக் கட்டி, நீங்களே குழி வெட்டினீர்கள். முழங்கால் வரை மண். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் போன பிறகுதான் பகவதி சொன்னாள். அந்தக் கூட்டத்தில் டீச்சர் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து வைத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னாராம். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் விருப்பம் விவசாயம் என்றிருந்த அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தீர்களாம்.

அப்படியானால் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் மாங்கன்று வாங்கினீர்களா? தெரிந்தும் நாலு மாதம் என் கையால் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் போனது மன்னிப்பா, கோபமா? உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்க?

இப்போது என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். இடமில்லாமல் அல்ல, நான் கையெழுத்துப் போட்டதால்தான் அவள் அதில் சேர்ந்தாள். பொய் சொன்னது தப்பு. கையெழுத்துப் போட்டது தப்பில்லை.

அவள் விவசாயக் காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். வீட்டுப் பெரியவர் கையெழுத்து அதிலும் வேண்டும். நாளைக்குத் திவசம் முடிந்து, எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் போடுவேன். இனி அடுக்களையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். இது சத்தியம்.

மாங்கன்று இடுப்பளவு வந்துவிட்டது. சுவரில் இருக்கிற உங்கள் படம் ரேஷன் கார்டுக்கு எடுத்தது, முறைத்தபடியே இருக்கிறீர்கள். வாளியைப் பார்த்துச் சிரித்தீர்களே, அந்த முகத்தோடு புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள். இந்தத் தடவையாவது.

உங்கள் வீட்டுக்காரி,
பகவதியின் ஆச்சி செண்பகம்